இலவம்பாடிக் கத்திரிக்காய்

குதிரைவீரன் ஆகப் போகிறேன் என்று
ஊசூரிலிருந்து வேலூர்க் கோட்டைக்கு நடந்தே வந்தேன்.
வயது பத்து. பெயர் காளத்தி.
வாள் தருவார்கள் என்று கையை நீட்டினேன்.
கூடை தந்தார்கள்.

முதல் வருடம் முழுக்க லத்தி.
விடியும் முன் வாரு, விடிந்தபின் வாரு,
அகழியோரம் கொட்டு.
அகழிக்குள் முதலைகள்
கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு
நான் வழுக்கும் நாளை எண்ணிக்கொண்டிருந்தன.

இரண்டாம் வருடம் கொள்ளு.
ஊறவை, அவி, ஆறவை.
கையில் கொள்ளு வாசம், கனவில் கொள்ளு வாசம்.
பார்க்க வந்த அம்மாகூட
மூக்கைச் சுளித்துவிட்டுத்தான் முத்தம் கொடுத்தாள்.
ஒரு பிடியை வாயில் போட்டு மாட்டிக்கொண்டேன்.
"குதிரைக்குப் பிறகுதான் ஆள்" என்றார் லாயக்கார மீரான்.
தண்ணீரும் அப்படித்தான். நிழலும் அப்படித்தான்.
வேலூர் வெயிலுக்கு ஒரே ஒரு புங்கமரம்;
மரத்தடியில் குதிரை,
வெயிலில் நான்.

மூன்றாம் வருடம்தான் முதுகில் ஏற்றினார்கள்.
சேணம் கிடையாது, அங்கவடி கிடையாது.
முழங்காலுக்கும் குதிரை விலாவுக்கும் நடுவே
பக்கத்துக்கு ஒரு வெற்றிலை.
பாலாற்று மணலில் ஓடித் திரும்பும்போது
இலை இருக்க வேண்டும்.
விழுந்தால், நீ பிடிக்கவில்லை.
கிழிந்தால், ரொம்பப் பிடித்துவிட்டாய்.
என் குதிரை வெள்ளை, பெயர் சுண்ணாம்பு.
"வெற்றிலை இருக்கு, சுண்ணாம்பு இருக்கு, பாக்கு எங்கேடா?"
விழுந்து விழுந்து வீங்கிய
நெற்றியைக் காட்டினேன்.

அப்புறம் ஈட்டி.
புளியங்கிளையில் கயிறு,
கயிற்றில் ஒரு இலவம்பாடிக் கத்திரிக்காய்,
காம்பெல்லாம் முள்.
பாய்ச்சலில் வந்து குத்த வேண்டும்.
குத்தினவனுக்கு ராத்திரி அதே காய், மிளகுக் குழம்பில்.
தவறினவனுக்கு வெறுங்களி.
எத்தனை நாள் வெறுங்களி என்று கேட்காதீர்கள்.
காற்றில் ஆடும் காய்க்கு
என் பசி தெரியவில்லை.

பதினாறில் கவசம்.
இரும்பு என்று நினைத்தீர்களா? பஞ்சு.
பஞ்சடைத்துத் தைத்த மெத்தை.
சித்திரை மாதம் அதைப் போட்டுக்கொண்டு நின்றபோதுதான்
பானைக்குள் கொள்ளு படும் பாடு புரிந்தது.

பிறகு தெற்கேயிருந்து ஒரு படை வந்தது.

சண்டைக்கு முந்தின மாலை
சுண்ணாம்பைத் தண்ணீருக்குக் கூட்டிப்போனேன்.
பாலாறு வழக்கம்போல மணலாகக் கிடந்தது.
முட்டிபோட்டு ஊற்றுத் தோண்டினேன்.
எதிரே இரண்டு கைகள்
அதே குழியைத் தோண்டின.
என் வயதுப் பையன். பின்னால் ஒரு செம்பட்டைக் குதிரை.
தோளில் அவர்கள் படையின் பட்டை.

என் கை இடுப்புக்குப் போயிற்று. அவன் கையும்.
அதற்குள் தண்ணீர் ஊறிவிட்டது.
இரண்டு பேரும் எழுந்து விலகி நின்றோம்,
குதிரைகள் முதலில் குடிக்கட்டும் என்று.
அவன் மேலும் கொள்ளு வாசம்.

"ஈட்டிக்கு உங்கள் ஊரில் என்ன கட்டுவார்கள்?"
"பூசணிக்காய்."
"அவ்வளவு பெரிசா!" சிரித்துவிட்டேன்.
"உங்கள் ஊரில்?"
"கத்திரிக்காய்."
அவன் சிரிக்கவில்லை.
என் ஈட்டியை ஒரு தடவை பார்த்தான்.
பெயர் கேட்க மறந்துபோனேன்.

மறுநாள் முரசு. புழுதி.
புழுதியில் எல்லாக் குதிரையும் செம்பட்டை.
எதிரே வந்த ஒவ்வொரு தலைப்பாகையின் கீழும்
அந்த முகமோ, அந்த முகமோ என்று பார்த்தேன்.
பார்ப்பதற்குள் கடந்துபோனார்கள்.
முழங்கால் தவறவில்லை,
வெற்றிலை வைத்திருந்தால் விழுந்திருக்காது.
ஈட்டி முனை மட்டும்
சாயங்காலம் வரைக்கும் துடைத்து வைத்ததுபோல் மின்னியது.

ஜெயித்துவிட்டோம் என்றார்கள்.
சுண்ணாம்புக்குத் தண்ணீர் காட்டினேன்,
கொள்ளு வைத்தேன், உடம்பு தேய்த்துவிட்டேன்,
பிறகு பந்தியில் உட்கார்ந்தேன்.
குழம்புச் சட்டி என் பக்கம் வந்தபோது
இலையைக் கையால் மூடிக்கொண்டேன்.
எனக்கு வெறுங்களி போதும்.